ஓட்டுநர் கவனக்குறைவு

சர்வேயர் சாவியைத் திருப்பினார். டாஷ்போர்டில் விளக்குகள் எல்லாம் கண்ணைத் திறந்தன. எஞ்சின் மட்டும் வாயைத் திறக்கவில்லை.

மறுபடி திருப்பினார். ஒரு முனகல்கூட இல்லை.

"என்னங்க, கிளம்பலையா?" வாசற்படியில் நின்றபடி மனைவி கேட்டாள்.

"நான் கிளம்பிட்டேன். வண்டிதான் கிளம்பல."

மணி ஒன்பது. பதினோரு மணி ரயிலில் சர்வேயரின் தங்கை வருகிறாள். நாலு வருடத்துக்குப் பிறகு வருகிறாள். அதே ரயில் பதினொன்றே முக்காலுக்குத் திரும்பிப் போகும். அதைத்தான் அவள் போனில் இரண்டு தரம் சொல்லியிருந்தாள்.

"அண்ணா, அந்தக் கார்லதான் நீ வரணும். ஆட்டோல வந்து நின்னேன்னா, அப்படியே அடுத்த வண்டில ஏறிடுவேன். அது அதே வண்டிதான், ஞாபகம் வெச்சுக்கோ."

அந்தக் காரில்தான் வம்பு தொடங்கியது. நாலு வருடத்துக்கு முன் வந்திருந்தபோது, கடைக்குப் போய்வர சாவியைக் கேட்டாள். அவள் தன் ஊரில் பத்து வருடமாக வண்டி ஓட்டுகிறவள். சர்வேயரோ, அவள் பத்து வயதில் தன் சைக்கிளைச் சுவரில் மோதியதை இன்னும் மறக்காதவர். "கவனம் இல்லாதவங்க கையில இந்த வண்டியைக் குடுக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். அன்று சாயங்காலமே அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அதற்குப் பிறகு பேச்சே இல்லை. அவளாகவே போன வாரம் போன் செய்தபோது, சர்வேயருக்குக் குரல் கம்மிவிட்டது. சளி என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டார்.

இவர் நிலம் அளக்கிற சர்வேயர் இல்லை, இன்சூரன்ஸ் சர்வேயர். மோதிய வண்டி, கவிழ்ந்த வண்டி, குளத்தில் இறங்கிய வண்டி எல்லாவற்றையும் சுற்றிவந்து பார்த்து, பதினெட்டு கேள்விகள் கொண்ட படிவத்தை நிரப்புவது அவர் வேலை. பதினெட்டாவது கேள்வி, 'காரணம்'. இருபத்திரண்டு வருடமாக அந்தக் கட்டத்தில் அவர் பெரும்பாலும் ஒரே பதிலைத்தான் எழுதிவந்தார்: 'ஓட்டுநர் கவனக்குறைவு'. நிறுத்தியிருந்த வண்டியின்மேல் மரம் சாய்ந்துவிட்டது என்று அழுதவரிடம், "மரம் சாயற நேரத்துல நீங்க ஏன் அங்க நிறுத்தினீங்க?" என்று கேட்ட மனிதர்.

"ஆட்டோ பிடிச்சு சீக்கிரமா போயிட்டு வந்துடலாமே? அவகிட்ட நான் பேசிக்கிறேன்" என்றாள் மனைவி.

ஆட்டோவைப் பற்றி அவளுக்குத் தெரியாதது இல்லை. செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் பக்கத்து ஊர்க் கல்லூரியில் பாடம் எடுக்கப் போகிறாள். இங்கிருந்து ஸ்டேஷன், அங்கிருந்து ரயில். ஆட்டோ வரவில்லை, வந்தால் நிற்கவில்லை என்று வருடக்கணக்கில் புலம்பியவள், இந்த ஒரு வருடமாகப் புலம்புவதில்லை. பழகிவிட்டது என்று சர்வேயர் முடிவுகட்டியிருந்தார்.

"ஆட்டோ பேச்சே கிடையாது. காரணத்தைக் கண்டுபிடிக்கிறேன். இது என் தொழில்" என்றார்.

உட்கார்ந்த இடத்தில் கொஞ்சம் நெளிந்தார். ஸ்டியரிங் வயிற்றை இடித்தது.

"இந்த சீட்டு வரவர சின்னதாகுது."

"சீட்டு சின்னதாகல. வாக்கிங் போறேன் போறேன்னு நாலு மாசமா சொல்லிட்டிருக்கீங்க" என்றாள் மனைவி, யோசிக்கக்கூட இல்லாமல்.

சர்வேயர் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு, சீட்டைப் பின்னால் தள்ளிக்கொண்டார்.

"நீங்க கொஞ்சம் எறங்குங்களேன், நான் ஒருதரம் பார்க்கிறேன்."

"நீ பார்த்து?"

"சும்மா, கைராசிக்கு."

"இது ராசில ஓடற வண்டி இல்ல. பெட்ரோல்ல ஓடறது."

அவர் பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார். அடுத்தவர் வண்டிக்கு ஒரு நியாயம், தன் வண்டிக்கு ஒரு நியாயம் என்று வைத்துக்கொள்கிறவர் இல்லை. முதல் கேள்வி, 'கியர் எந்த நிலையில் இருந்தது?' அவருடையது தானாகக் கியர் மாறும் வண்டி. நிறுத்தினால் பார்க்கிங்கில் போடவேண்டும். கியர்க் கம்பியின்மேல் வழக்கம்போல மஞ்சள் துடைதுணி மடித்துப் போர்த்தியிருந்தது. 'பார்க்கிங்' என்று எழுதினார்.

"எல்லாத்தையும் பார்த்துட்டுத்தானே எழுதணும்?" என்றாள் மனைவி.

"கடைசியா நிறுத்தினது யாரு? நான். போன ஞாயித்துக்கிழமை. இந்த வண்டியை வேற யாரு தொடப்போறா?"

வார நாள்களில் சர்வேயரை அலுவலக ஜீப் அழைத்துப்போகும். கார் ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும். அதன் சாவி ஹாலில் ஆணியில் தொங்கும். அந்த ஆணியின் பக்கம் பார்க்கவே வீட்டில் ஆளில்லை என்பது அவர் எண்ணம்.

"தம்பி, பேட்டரி!"

மதில்மேல் ஒரு தலை தெரிந்தது. பக்கத்து வீட்டு ஹெட்மாஸ்டர். ஓய்வுபெற்றவர். ஒன்றரை வருடம் வெளிநாட்டில் மகன் வீட்டில் இருந்துவிட்டு, முந்தின நாள் ராத்திரிதான் வந்து இறங்கியிருந்தார். உடம்பு இங்கே இருந்தது, தூக்கம் இன்னும் விமானத்தில் இருந்தது.

"விளக்கெல்லாம் எரியுதே சார்" என்றார் சர்வேயர்.

"விளக்குக்கு என்ன தம்பி, கொஞ்சம் இருந்தாப் போதும். எஞ்சினுக்கு நிறைய வேணும். என் வண்டியைக் கொண்டாறேன். ரெண்டு ஒயரை மாட்டினா உன் வண்டி உசுரு பெத்துடும்."

ஹெட்மாஸ்டரின் கார் மதிலுக்கு அந்தப் பக்கம், ஒன்றரை வருடத்துத் தூசியோடு உறையைப் போர்த்திக்கொண்டு நின்றது. அதைக் கொண்டுவர முடியவில்லை. ஆகவே மதிலுக்கு மேலாக ஒயரைப் போட்டார்கள். அந்த வண்டி ஒன்றரை வருடமாக ஓடவில்லை, ஆகவே அதன் பேட்டரியில் கொடுக்க ஒன்றும் இருக்காது என்ற எண்ணம் இரண்டு பேருக்குமே வரவில்லை. கொடுப்பதற்குப் பதிலாக அது வாங்கிக்கொண்டது. சர்வேயர் வண்டியின் பேட்டரியை உறிஞ்சி, உறைக்குள் கிடந்த கார் கண் விழித்தது. விழித்ததும், யாரோ திருட வந்துவிட்டார்கள் என்று தெரு முழுக்கக் கேட்கும்படி ஊளையிடத் தொடங்கியது.

"அலாரம் சார்! ரிமோட் எங்க?" என்று கத்தினார் சர்வேயர்.

"பேரன் வெச்சு விளையாடிட்டிருந்தான்!"

"அவன் எங்க?"

"அங்கதான்! விமானத்துல பதினாறு மணி நேரம்!"

ஒயரைக் கழற்றிய பிறகும் அது கொஞ்ச நேரம் விசும்பி விசும்பித்தான் அடங்கியது. எதிர்வீட்டு ஜன்னல்கள் மூன்று திறந்து மூடின. மணி ஒன்பது இருபத்தைந்து.

"உள்ள போன் அடிக்குதுங்க. நீங்க போய் எடுங்க, நான் இங்க நிக்கிறேன்" என்றாள் மனைவி.

"நீ போய் எடு."

அவள் உள்ளே போய், உடனே வந்தாள். "கட் ஆயிடுச்சு."

சர்வேயர் பெட்ரோல் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "போன ஞாயித்துக்கிழமை முக்கால் டேங்க் இருந்துது. இப்ப அரைதான் இருக்கு."

"அப்படியா?" என்றாள் மனைவி.

"கசிவு! அதான் காரணம்!" என்று சொல்லி, வெளுத்த வெள்ளைச் சட்டையோடு வண்டிக்கு அடியில் புகுந்தார். பத்து நிமிடம் தேடியும் ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. வெளியே வந்தபோது சட்டைதான் முதுகு முழுக்கக் கறுத்திருந்தது.

"ஐயோ, இந்தச் சட்டையோடயா தங்கச்சி முன்னாடி போய் நிப்பீங்க? போங்க, உள்ள போய் மாத்திட்டு வாங்க. போங்கன்னா!" மனைவி அவரைக் கையைப் பிடித்து இழுத்துப் படியேற்றினாள். அவள் இவ்வளவு அக்கறையாகச் சட்டை மாற்றச் சொல்லி அவர் பார்த்ததில்லை.

சட்டையை மாற்றிக்கொண்டு வந்தபோது, ஹெட்மாஸ்டர் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். மனைவி கதவோரம் நின்று, "சார், சார்! கொஞ்சம் எறங்குங்க சார்!" என்று அவர் தோளை உலுக்கிக்கொண்டிருந்தாள். கிட்டத்தட்ட அழுதுவிடுகிற முகம்.

"அவர் உக்காந்தா உக்காந்துட்டுப் போறார். உனக்கு என்ன?" என்றார் சர்வேயர்.

"ஒண்ணும் இல்ல."

அடுத்தது ஃபியூஸ். சர்வேயர் பானெட்டின்மேல் அன்றைய பேப்பரை விரித்தார். ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, எடுத்த வரிசையிலேயே பேப்பரில் அடுக்கினார். சிவப்பு, நீலம், மஞ்சள் என்று மொத்தம் பதினான்கு. எதுவும் கருகவில்லை. திருப்பி மாட்டவேண்டியதுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்து ஹெட்மாஸ்டர் விழித்துக்கொண்டார். இறங்கி வந்து பானெட்டைப் பார்த்தார்.

"அட! இவன் என் ஸ்டூடண்ட்!" பேப்பரில் இருந்த ஒரு போட்டோவைக் காட்டினார். "கணக்குல மூணு தரம் ஃபெயில். ஏதோ கம்பெனிக்குத் தலைவராமே, அநியாயம்!"

சொல்லிக்கொண்டே பேப்பரைத் தூக்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

பதினான்கு ஃபியூஸும் பதினான்கு திசையில் போயின. மூன்று பேரும் மண்டியிட்டுத் தேடினார்கள். பதின்மூன்று கிடைத்தன. அவற்றை உத்தேசமாக மாட்டிச் சாவியைத் திருப்பினால், இதுவரை எரிந்துகொண்டிருந்த விளக்கும் எரியவில்லை.

மணி பத்து ஐந்து. சர்வேயர் நெற்றியைத் துடைத்தார்.

"அவ போயிடுவா. சொன்னா செய்யறவ. நான் வேணும்னே வரலைன்னு நினைச்சுப்பா" என்றார்.

மனைவி அவரைப் பார்த்தாள். "என்னங்க…" என்று ஆரம்பித்தாள்.

"மெக்கானிக்கைக் கூப்பிடறேன்" என்று அவர் போனை எடுத்தார்.

அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததே பெரிய விஷயம். மெக்கானிக்குகள் எல்லாம் காரணத்தை மறைக்கிறவர்கள் என்பது அவர் கட்சி. போனில் மெக்கானிக் சொன்னான்: "வரேன் சார். ஆனா கட்டி இழுக்கணும்னா உங்க கேட்டுக்குள்ள என் வண்டி நுழையாது. தெருவுக்குத் தள்ளி வைங்க."

"நான் ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கட்டுமா?" என்று கேட்டாள் மனைவி.

"உனக்குப் பிடிக்கத் தெரியுமா? விளையாட்டா இது? சார், நீங்க உக்காருங்க. நீயும் நானும் பின்னாடி தள்ளலாம்."

தூக்கக் கலக்கத்தில் இருந்த ஹெட்மாஸ்டர் ஸ்டியரிங்கைப் பிடித்து, ஹேண்ட்பிரேக்கை விடுவித்தார். தள்ளியதும் கார் சொன்னபடி கேட்டது. கேட்டைத் தாண்டியதும் சரிவு. அதற்குமேல் அது யார் சொன்னதையும் கேட்கவில்லை. தன் வீட்டு வாசலில் வரிசையாக அடுக்கியிருந்த பூந்தொட்டிகளை நோக்கி அது போவதைக் கண்டு, ஹெட்மாஸ்டர் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டார். நாலு தொட்டி போயின. கார் தெருவின் குறுக்கே, இந்த மதிலுக்கும் அந்த மதிலுக்கும் நடுவில் அழகாகப் பொருந்தி நின்றது.

"பிரேக் போட்டிருக்கலாமே சார்!"

"தேடினேன் தம்பி. கிளட்ச்சைக் காணோம், அதுல குழம்பிட்டேன்."

தெருவின் ஒரு முனையில் தண்ணீர் லாரி வந்து ஹார்ன் அடித்தது. இன்னொரு முனையில் மூன்று ஸ்கூட்டர்கள். மணி பத்தரை.

மெக்கானிக் பைக்கில் வந்து இறங்கினான். கூட்டத்தைப் பார்த்தான். உடைந்த தொட்டிகளைப் பார்த்தான். கேட்டிலிருந்து கார்வரை நிதானமாக நடந்து வந்தான். காணாமல்போன ஃபியூஸுக்குத் தன் பெட்டியிலிருந்து ஒன்றைப் போட்டு, மற்றதை இடம் மாற்றி மாட்டினான். விளக்கு எரிந்தது. சாவியைத் திருப்பினான். எஞ்சின் பேசவில்லை.

அவன் உடனே எதையும் திறக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"சார், கேக்கறேன்னு தப்பா நினைக்காதீங்க. வண்டியைத் தள்ளினது எத்தனை பேரு?"

"நானும் இவளும்."

"பார்க்கிங்ல போட்டிருந்தா சக்கரம் பூட்டிக்கும். யானை வந்து தள்ளினாலும் நகராது. நீங்க ரெண்டு பேரு தள்ளி இவ்வளவு தூரம் எப்படி சார் ஓடுச்சு?"

லாரி டிரைவர்கூட ஹார்னிலிருந்து கையை எடுத்தார். மெக்கானிக் குனிந்து மஞ்சள் துணியைத் தூக்கினான். கியர் 'டிரைவ்'வில் இருந்தது.

"இதுல இருந்தா ஸ்டார்ட் ஆகாது சார். உங்களுக்குத் தெரியாததா?"

"அப்படின்னா சாவி எப்படி வெளிய வந்துது?"

"பழைய வண்டி. பூட்டு தேஞ்சு போச்சு. எந்த கியர்ல இருந்தாலும் சாவி வந்துடும்." அவன் கம்பியைப் பார்க்கிங்குக்குத் தள்ளி, சாவியைத் திருப்பினான். ஒரே திருப்பில் எஞ்சின் உறுமியது. ஸ்கூட்டர்காரர்களில் ஒருவர் கைதட்டினார்.

"கடைசியா நிறுத்தினது யாரு சார்?"

"நான்தான்" என்றார் சர்வேயர்.

மனைவி வாயைத் திறந்தாள். அவர் கையை உயர்த்தி நிறுத்திவிட்டார். பானெட்டின்மேல் படிவத்தை வைத்தார். முதல் கேள்வியில் 'பார்க்கிங்' என்பதை அடித்துவிட்டு 'டிரைவ்' என்று எழுதினார். பதினெட்டாவது கட்டத்துக்கு வந்ததும் பேனா கொஞ்சம் தயங்கியது. பிறகு 'ஓட்டுநர் கவனக்குறைவு' என்று முத்துமுத்தாக எழுதி, கீழே கையெழுத்துப் போட்டார். அவரிடம் எத்தனை குறை இருந்தாலும், அந்தக் கட்டத்தில் அவர் பொய் எழுதியது கிடையாது.

லாரிக்கு வழிவிட்டு, கூட்டம் கலைந்து, ஹெட்மாஸ்டரிடம் தொட்டிகளுக்காக மன்னிப்புக் கேட்டுக் கிளம்பும்போது பதினொன்று ஐந்து. ஸ்டேஷனுக்கு அரை மணி ஓட்டம்.

சர்வேயர் பத்து நிமிடம் ரோட்டை மட்டும் பார்த்து ஓட்டினார். பிறகு, "இருபத்திரண்டு வருஷம் எத்தனை பேரைக் கேட்டிருப்பேன், 'கண்ணு எங்க இருந்துது?'ன்னு" என்றார்.

"என்னங்க, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"வேண்டாம். நீ சமாதானம் சொல்லாதே. தப்பு என்னோடது. அவளைக் கவனம் இல்லாதவன்னு சொன்னேனே, எனக்கு என்ன யோக்கியதை இருக்கு? இன்னைக்கு அவ கையிலயே சாவியைக் குடுக்கப்போறேன். அவளே ஓட்டட்டும்."

"நிஜமாவா?"

"நிஜமா. நீயும் எவ்வளவு நாள்தான் ஆட்டோல கஷ்டப்படுவே? ஓட்டக் கத்துக்கோ. நானே பக்கத்துல உக்காந்து சொல்லித்தரேன். பயப்படாதே, வந்துடும்."

"சொல்லித்தருவீங்களா?" என்று கேட்டுவிட்டு, மனைவி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவள் தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று சர்வேயர் நினைத்தார். அவருக்கும் கண் கலங்கிவிட்டது.

பதினொன்று முப்பத்தெட்டுக்கு ஸ்டேஷன் வாசலில் கார் நின்றது. தங்கை பெட்டியோடு படிக்கட்டில் நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காரைப் பார்த்ததும் பெட்டியைக் கீழே வைத்தாள். கோபமாக இருக்கப் பார்த்தாள், முடியவில்லை. இருந்த இடத்திலிருந்தே, "அண்ணா!" என்றாள்.

சர்வேயர் கியரைப் பார்க்கிங்கில் போட்டார். மஞ்சள் துணியைத் தூக்கி, கண்ணால் ஒருதரம் பார்த்து உறுதிசெய்துகொண்டார். இறங்கினார். சாவியைத் தங்கையின் உள்ளங்கையில் வைத்து, அவள் விரல்களை மூடினார். "நீயே ஓட்டும்மா" என்றார்.

அப்போது வண்டி நிறுத்துகிற இடத்திலிருந்து, டோக்கன் புத்தகத்தோடு தொப்பி போட்ட ஆள் ஒருவர் ஓடிவந்தார். சர்வேயரைத் தாண்டிப் போய், மனைவியின் பக்கத்து ஜன்னலில் குனிந்து, முகமெல்லாம் சிரிப்பாகக் கேட்டார்.

"வாங்கக்கா! செவ்வா, வெள்ளிதானே வருவீங்க? என்ன இன்னைக்கு, புதுசா டிரைவர் போட்டுட்டீங்களா?"